ஜில்லா மாறிய இரண்டு சந்தை ஊர்கள்

1

எனக்குக் கல்யாணம் நடந்த ஜில்லா இப்போது கிடையாது. ஊர் இருக்கிறது. மண்டபம் இருக்கிறது, சுண்ணாம்புகூட அடித்திருக்கிறார்களாம். தாலி கட்டினவன் இங்கே பர் துபாயில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கட்டிக்கொண்டவள் அடுப்படியில் இருக்கிறாள். ஜில்லாவைத்தான் காணோம்.

போன வாரம் எங்களுக்குப் பதினெட்டாவது கல்யாண நாள். பாயசம் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, "என்னங்க, அந்தக் காயிதத்தை எடுங்க, சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்றாள் செல்வி. காயிதம் என்றால் எங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழ். பின்னால் நாலு நாட்டு முத்திரை குத்தினது போல ஒட்டும் கையெழுத்துமாக இருக்கும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. எனக்குப் போன வருஷத்து வயிற்றெரிச்சல்தான் திரும்ப வந்தது. ஊரில் இருக்கிற உங்களுக்கு வெள்ளைக்காரன் என்றாலே நேர்மை, நேரம், நியாயம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. லீவில் வரும்போதெல்லாம் கேட்கிறீர்கள், "உங்க கம்பெனியில வெள்ளைக்கார மேனேஜராமே, கொடுத்து வச்சவன்யா நீ" என்று. கொடுத்துத்தான் வைத்திருந்தேன். என்ன கொடுத்தேன் என்று கேளுங்கள்.

2

முதலில் என் ஊர்க்கதை. திருப்புவனம். மதுரையிலிருந்து மானாமதுரை போகிற ரோட்டில், வைகைக் கரையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை. தீபாவளிக்கு முந்தின செவ்வாயில் பஸ் நகராது, ஆடுதான் நகரும்.

நான் பிறந்தபோது அது ராமநாதபுரம் ஜில்லா. அந்த ஜில்லாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் ராமநாதபுரத்தில் இல்லை, மதுரையில் இருந்தது. தலை ஒரு ஊரில், உடம்பு ஒரு ஊரில். எண்பதுகளில் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள். எங்கள் துண்டுக்கு ஒரு தலைவர் பெயரை வைத்தார்கள். எழுதினால் நாலு வார்த்தை வரும், கவர்மெண்ட் பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதினால் பாதி பஸ் போய்விடும். அந்தக் காலத்தில்தான் எனக்குக் கல்யாணம். பிறகு தொண்ணூறுகளின் கடைசியில், ஜில்லாக்களுக்கு ஆள் பெயரே வேண்டாம் என்று எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டார்கள். நாங்கள் சிவகங்கை மாவட்டம் ஆனோம்.

இத்தனை மாற்றத்துக்கும் எங்கள் வீடு ஒரு அடி நகரவில்லை. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

3

இனி மிஸ்டர் பிரையன். இரண்டாயிரத்து ஏழு கடைசியில் நான் கம்பெனி மாறினேன். கட்டுமானக் கம்பெனி, டாக்குமெண்ட் கன்ட்ரோலர் வேலை. பத்தாவதைத் தாண்டாதவனுக்கு இது பெரிய பெயர்தான். வேலை என்னவோ சைட்டுக்குப் போகிற ஒவ்வொரு வரைபடத்துக்கும் நம்பர் போட்டு, எது பழையது எது புதியது என்று பிரித்து, கையெழுத்து வாங்கி அடுக்குவது. கையெழுத்துப் போடுகிறவர் அட்மின் மேனேஜர் பிரையன். அறுபது வயது, சிவந்த கழுத்து. பேச ஆரம்பித்தால் நல்ல பேச்சுக்காரர். அதில்தான் நான் ஏமாந்தேன்.

அவர் அறைச் சுவரில் ஒரு பழைய மேப். முதல் நாளே, "பெர்க்‌ஷயர், சார்?" என்று எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"பார்க்‌ஷர்" என்று திருத்தினார். மேப்பில் இன்னொரு ஊரை 'ரீடிங்' என்றேன். அது "ரெடிங்" என்றார். எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று. அவர் ஊர் ஆபிங்டன். அது ஒரு சந்தை ஊர். அவர்கள் பக்கத்தில் கவுண்டி என்கிறார்களே, அது நம் ஜில்லா மாதிரி. ஆபிங்டன்தான் ஒரு காலத்தில் பெர்க்‌ஷயர் கவுண்டிக்குத் தலைநகராம். சந்தைத் திடலில் பெரிய கல் கட்டடம், மேலே கோர்ட்டு, கீழே தூணுக்கு நடுவில் கடை. ராஜ குடும்பத்தில் விசேஷம் என்றால் அந்தக் கட்டடத்து மொட்டை மாடியில் நின்று ஊர்ப் பெரியவர்கள் ஜனங்களுக்கு பன் எறிவார்களாம், இன்றைக்கும். பிறகு ரயில் பாதை ரெடிங் வழியாகப் போயிற்று. தலைநகர் பட்டமும் ரயில் ஏறி ரெடிங்குக்குப் போய்விட்டது. அதோடு விட்டார்களா என்றால், எழுபத்து நாலில் கவுண்டிகளைத் திருத்தி வரைந்தபோது ஆபிங்டன் ஊரையே தூக்கி ஆக்ஸ்ஃபோர்ட்ஷர் கவுண்டியில் வைத்துவிட்டார்கள்.

"எங்களை யாரும் கேட்கவில்லை, காஸ்" என்பார். காசிலிங்கம் என்ற என் பெயரை அவர் வெட்டி வைத்திருந்தது அப்படி. "லண்டனில் எவனோ ஒரு குமாஸ்தா பென்சிலால் கோடு போட்டான். நான் சாகும்வரை பெர்க்‌ஷர்க்காரன்தான். என் அம்மா கடைசிவரை கடிதத்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷர் என்று எழுதவில்லை." சொல்லும்போது கண் கலங்கும்.

எனக்கும் கலங்கியது, பொய் சொல்லவில்லை. இத்தனை தூரம் வந்து, இத்தனை நிறம் மாறி, நம்மைப் போல ஒருத்தனைப் பார்த்துவிட்டோமே என்று இருந்தது. "சார், எங்கள் ஊரும் அப்படித்தான். சேம் சேம். உங்கள் சந்தை திங்கள், எங்கள் சந்தை செவ்வாய்" என்றேன்.

"ஓ, அப்படியா?" என்று கம்ப்யூட்டரைப் பார்க்கத் திரும்பினார். அந்த 'அப்படியா'வை அப்போதே அளந்திருக்க வேண்டும்.

4

கம்பெனி மாறினால் பெண்டாட்டி பிள்ளை விசாவும் மாற வேண்டும். பழைய விசா ரத்தாகிவிட்டது. முப்பது நாளைக்குள் புதியது அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்வியும் என் மகள் நித்யாவும் நாட்டை விட்டுப் போக வேண்டும். நித்யா பத்தாவது. மார்ச்சில் போர்டு பரீட்சை, இங்கேதான் சென்டர், ஹால் டிக்கெட்கூட வந்துவிட்டது. போனால் ஒரு வருஷம் போச்சு.

கல்யாணச் சான்றிதழை அரபியில் மொழிபெயர்க்கக் கொடுத்தோம். விசா வேலைக்குக் கவுண்டர் கவுண்டராக அலைகிறவர் எங்கள் கம்பெனியின் ஹம்ஸாக்கா. மலப்புறத்துக்காரர், அவர்கள் பக்கம் 'இக்கா' என்றால் அண்ணன். இருபத்தைந்து வருஷம் இங்கே பழம் தின்று கொட்டை போட்டவர். நாலாம் நாள் வந்து என் மேஜையில் ஃபைலைப் போட்டார்.

"எடோ காசீ, உன் கல்யாணப் பெண்ணுக்கு பொறுப்பாளி ஒருத்தர் இருக்காரே, அயாளோட பாஸ்போர்ட் காப்பி வேணும்."

"எந்தப் பொறுப்பாளி?"

பெயரை வாசித்தார். எங்கள் பழைய ஜில்லாவின் பெயர்!

நடந்தது இதுதான். இந்த நாட்டுக் கல்யாணப் பத்திரத்தில் பெண்ணுக்குப் பொறுப்பான ஆணின் பெயர் கட்டாயம் இருக்கும், அப்பாவோ அண்ணனோ. மொழிபெயர்ப்பாளன் என் சான்றிதழில் அந்த ஆளைத் தேடியிருக்கிறான். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே கம்பீரமாக ஒரு ஆண் பெயர் நாலு வார்த்தையில் நின்றிருக்கிறது. பக்கத்தில் இருந்த 'மாவட்டம்' என்ற வார்த்தை அவனுக்கு ஏதோ பட்டம் போலத் தெரிந்திருக்கும். தூக்கிப் பொறுப்பாளி இடத்தில் வைத்துவிட்டான்.

"ஹம்ஸாக்கா, அது ஆள் இல்ல, ஜில்லா."

"ஜில்லைக்கு மனுஷன் பேரா?"

"அவர் பெரிய தலைவர். செத்து எவ்வளவோ வருஷம் ஆச்சு."

"அப்ப டெத் சர்ட்டிஃபிகேட் வேணும்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல். ஒரு நிமிஷம் கழித்துத்தான் தொப்பை குலுங்கிற்று.

மொழிபெயர்ப்பைத் திருத்தினோம். இப்போது கவுண்டரில் வேறு கேள்வி. சரி, ஜில்லாதான். ஆனால் புதுப் பாஸ்போர்ட்டில் சிவகங்கை என்றிருக்கிறது. அதன் முதுகில் குத்தி வைத்திருக்கிற பழைய பாஸ்போர்ட்டில் ராமநாதபுரம். கல்யாணத்தில் இந்தப் பெரியவர். பிறந்தவன் ஒருத்தன், கட்டினவன் ஒருத்தன், வந்திருப்பவன் ஒருத்தனா? மூன்றும் ஒரே இடம்தான், மூன்றும் ஒரே ஆள்தான் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொண்டு வா, கலாஸ், முடிந்தது.

ஒரே ஒரு கடிதம். கையெழுத்துப் போட வேண்டியவர் பிரையன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உலகத்தில் இந்தக் கதை புரிகிற ஒரே வெள்ளைக்காரன் என் மேனேஜர் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

5

கடிதத்தை அடித்து நீட்டினேன். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது டிஸ்கிரெபன்ஸி, காஸ். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை."

"இல்லை சார், பெயர் மாற்றம். கவர்மெண்ட் மாற்றினது."

"இருக்கலாம். நான் எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று மாவட்டம் ஒன்று என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? உங்கள் பக்கத்துப் பேப்பர்கள் எப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரியுமே. வெரிஃபை பண்ண முடியாததில் என் பெயர் இருக்காது."

'உங்கள் பக்கத்துப் பேப்பர்கள்.' அவர் முதுகுக்குப் பின்னால் பெர்க்‌ஷயர் மேப் சட்டத்துக்குள் மினுங்கிக்கொண்டிருந்தது.

"சார், உங்கள் ஊர் போலத்தான்" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார்.

வெளியே வந்து ஹம்ஸாக்காவிடம், பார்க்கலாம் என்றிருக்கிறார் என்று சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "எங்க நாட்டில் ஒரு சொல்லு உண்டு. ஆன கொடுத்தாலும் ஆச கொடுக்கருது. யானையைக் கூடக் கொடு, ஆசையைக் கொடுக்காதே. உன் மேனேஜர் யானையும் கொடுக்கல, ஆசைய மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கு."

கான்சுலேட்டுக்குப் போனேன். ஜன்னலுக்குள் இருந்தவர், "சிவகங்கா... கேரளாவில் வருமா?" என்று இந்தியில் கேட்டார். கம்பெனிக் கடிதம் இருந்தால் பார்க்கலாம் என்றார். கடிதத்துக்குத்தானே ஐயா வந்தேன் என்றால் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். ஊருக்கு ஃபோன் போட்டு மச்சானைத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பினேன். அவன் போய்விட்டு வந்து சொன்னான், "மாமா, அங்க சிரிக்கிறாங்ய. ஜில்லா பேரு மாறுனது ஊருக்கே தெரியும், அதுக்கு எதுக்குச் சர்ட்டிபிகேட்டுங்கிறாங்ய. அதுக்கு ஃபாரமே கிடையாதாம்."

செல்விக்குக் கோபம். "சந்தையில வச்சு அடிச்சதுக்குச் சாட்சி எதுக்குங்கிறேன்! ஆறு கோடி சனத்துக்குத் தெரிஞ்சது அந்த ஆளுக்கு மட்டும் தெரியாதாக்கும்?"

பிரையனிடம் இன்னும் இரண்டு தடவை போனேன். ஒரு தடவை நித்யாவின் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஃபோட்டோவைப் பார்த்து, "ஸ்வீட் கேர்ள்" என்றார். "பாவம்தான். ஆனால் விதி விதிதான், காஸ்." அன்றைக்குச் சாயங்கால டீயின்போது புதிதாக வந்த ஃபிலிப்பைன்ஸ் பெண்ணுக்குப் பன் எறிகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் ஈயம் ஊற்றினது போல இருந்தது.

6

பத்தொன்பதாம் நாள். ஸ்டாஃப் ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதுவும் என் வேலையில் சேர்ந்ததுதான். பிரையனின் ஃபைல் கைக்கு வந்தது. அவர் மனைவியின் விசாவுக்குக் கொடுத்த காகிதங்கள். கல்யாணச் சான்றிதழ், அறுபத்து ஒன்பதில் நடந்தது. இடம் ஆபிங்டன், கவுண்டி ஆஃப் பெர்க்‌ஷயர். கீழே வீட்டு விலாச ஆதாரம். ஆபிங்டன், ஆக்ஸ்ஃபோர்ட்ஷர்.

பாஸ்போர்ட் நகலைப் புரட்டினேன். பிறந்த இடம்: ஆபிங்டன். அவ்வளவுதான். அவர்கள் பாஸ்போர்ட்டில் ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள், கவுண்டியே கிடையாது.

ஹம்ஸாக்காவைக் கேட்டேன். "இந்த மேடம் விசாவுக்கு எத்தனை நாள் ஆச்சு? லெட்டர் எதாவது கேட்டாங்களா?"

"ஒரே நாள். லெட்டரும் இல்ல, மண்ணும் இல்ல. அவங்க பேப்பர்ல யாரு அதையெல்லாம் வாசிக்குது?"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அன்றைக்கு அந்தப் பழமொழி ஃபைல் நம்பரோடு என் கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து நித்யாவை உட்கார வைத்தேன். அவள் தமிழ் பேசுவாள், யோசிப்பது இங்கிலீஷில். "பாப்பா, ஒரு தாளில் நடுவில் கோடு போடு. இந்தப் பக்கம் ஆபிங்டன், அந்தப் பக்கம் நம்ம ஊர்."

"எதுக்குப்பா? யூ ஆர் ஃபைட்டிங் வித் யுவர் பாஸ்?"

"ஃபைட் இல்ல. கம்பேரிசன்."

டைப் அடிக்க ஆரம்பித்தாள். சந்தை நாள்: திங்கள், செவ்வாய். பழைய தலைமை இடம் எங்கே. அது எங்கே போனது. எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்கு. ஊர்க்காரர்களைக் கேட்டார்களா: இல்லை, இல்லை. நான் சொல்லச் சொல்ல அடித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"வெயிட், வெயிட். நம்ம டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் மதுரையிலா இருந்துச்சு? அப்ப நான் ஸ்கூல் ஃபார்ம்ல நேட்டிவ் ப்ளேஸ் மதுரைன்னு போட்டது சரிதான்!"

"மதுரைன்னா போட்ட?"

"திருப்புவனம்னா யாருக்குத் தெரியும்ப்பா? மிஸ் ஸ்பெல்லிங் கேட்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பிரையன் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷம் இவள் பக்கம் திரும்பிற்று. திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவளாகவே கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தாள். 'இடம் மாறிய மனிதர்கள்: இல்லை. இடம் மாறிய வீடுகள்: இல்லை.' இரண்டு பக்கமும் அதே. அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னும் ஒண்ணு போடு" என்றேன். 'கல்யாணச் சான்றிதழில் பழைய மாவட்டம், இன்றைய காகிதத்தில் புதியது: ஆம், ஆம். அதற்காகக் கேட்ட கடிதம்: இல்லை, ஒன்று.'

செல்வி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இதக் கொண்டு குடுத்தா வேலை போயிராது?"

"போனா மூணு பேரும் சேர்ந்து போவோம்" என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன்.

7

மறுநாள் காலையில் கடிதத்தையும் தாளையும் சேர்த்து அவர் முன்னால் வைத்தேன். முதலில் தாளை எடுத்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"திங்கள் சந்தை! சரியாகப் போட்டிருக்கிறாய். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கள் சொன்னதுதான் சார். ஏழு தடவை."

சிரித்தார். பேனாவை எடுத்து, தலைமை இடம் போன வரிக்குப் பக்கத்தில் ரயிலைப் பற்றி ஒரு குறிப்புக்கூட எழுதினார். கடைசி வரிக்கு வந்தார். சிரிப்பு நின்றது. சிவந்த கழுத்து இன்னும் சிவந்தது.

"அது வேறு விஷயம், காஸ். அது சரித்திரம்."

"எங்களுடையதும் அதுதான் சார்."

தாளை இன்னொரு தடவை மேலிருந்து பார்த்தார். ஊரைப் பார்த்தார், சந்தையைப் பார்த்தார், ஊர்க்காரர்களைக் கேட்டார்களா என்ற வரியில் அருகருகே இருந்த இரண்டு 'இல்லை'யைப் பார்த்தார். கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இப்படி முதலிலேயே விளக்கியிருந்தால் இவ்வளவு நாள் ஆகியிருக்காதே" என்றார்.

ஆறாம் நாள் விசா வந்தது. நித்யா பரீட்சை எழுதினாள், நல்ல மார்க். அதனால் நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பரீட்சை எழுத வேண்டிய ஒரு பிள்ளையின் ஃபோட்டோவைப் பார்த்து இரங்காத பேனா, சொந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் இரங்கிற்று. எங்கள் நியாயத்துக்குக் கிடைத்த கையெழுத்து இல்லை அது. ஆபிங்டனுக்குக் கிடைத்த கையெழுத்து.

அன்றைக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் கிளம்பும்போது, தாளை மட்டும் அவர் விரலுக்கடியில் வைத்துக்கொண்டார். "இதை நான் வைத்துக்கொள்கிறேனே. ஊரில் எங்கள் சரித்திரச் சங்கத்தில் காட்டினால் ரொம்ப ரசிப்பார்கள். இந்தியாவில் ஒரு ஆபிங்டன்!"

நான் மெதுவாகத் தாளை இழுத்தேன். "சாரி சார். ஃபைலுக்குப் போகணும்."

"அப்போ ஒரு காப்பி எடுத்துக் கொடு."

"காப்பி மாஃபி, சார்."

இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருப்பவர், மாஃபி என்றால் இல்லை என்று அவருக்குத் தெரியும். "ஏன், மெஷின் ரிப்பேரா?" என்றார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, சார்" என்றேன்.